இரண்டு வகை வால்வு

அந்த டாக்டர் படத்தைச் சேனல்காரர்கள் இதுவரை எத்தனை முறை போட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு வேறு எதுவும் அகப்படாவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். டிவிக்கென்றே எடுத்த படம். ஏதோ ஒரு குளிர் நாட்டில், இருதயத்தையும் அறுத்துச் சரிசெய்யலாம் என்று மற்ற டாக்டர்கள் யாரும் நம்பாத காலத்தில் நம்பிய ஒருவரின் வாழ்க்கை. அதைத் தமிழில் டப்பிங் செய்திருக்கிறார்கள். செய்தவர்களை என் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைக்க வேண்டும். ஒரு காட்சியில் டாக்டர், “செவிலியே, கத்தரியைக் கொணர்க” என்கிறார். அடுத்த காட்சியில் அதே ஆள் அதே நர்சிடம், “ஏம்மா, சாப்டியா?” என்கிறார். இத்தனை வருஷம் தமிழ் டீச்சராகக் குப்பை கொட்டியவளுக்கு இதைக் கேட்கும்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

ஆனாலும் அந்தப் படத்தை என்னால் ஒரேயடியாகத் திட்ட முடியாது. அது இல்லாவிட்டால் என் கணவர் வாயைத் திறந்திருக்கவே மாட்டார்.

என் கணவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிற மண்ணையும் நிலக்கரியையும் அள்ளிப் போடுவது, ரோலர் மாற்றும்போது கூடமாடப் பிடிப்பது, இதுதான் வேலை. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவர். காண்ட்ராக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இவர் அதே பெல்ட்டுக்கு அடியில் இருந்தார். சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த வீடுகளுக்கு வேலை என்று பேச்சு வந்த காலத்தில், இவருடைய அப்பாவிடம் கொடுப்பதற்கு நிலம் இல்லை. அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர் அவர். நிலம் போனபோது கூலியும் போனது.

நெய்வேலியில் வாழாதவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். இங்கே மனிதர்களில் இரண்டே வகை. பர்மனென்ட், காண்ட்ராக்ட். வாடகைக்கு வீடு கேட்டாலும் அதுதான் முதல் கேள்வி, பெண் கேட்டாலும் அதுதான் முதல் கேள்வி. என் வகுப்பில் மூக்கு ஒழுகுகிற குழந்தைகள்கூட, “உங்கப்பா பர்மனென்டா?” என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும். என் அப்பா பர்மனென்ட். மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் எங்களை வளர்த்து, ரிட்டயர் ஆனதும் சாவியை ஒப்படைத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். நான் ஒரு காண்ட்ராக்டைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். கல்யாணத்தின்போது அப்பா சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளை பர்மனென்ட் ஆகிவிடுவாரா என்று மட்டும் கேட்டார். ஆகிவிடுவார் என்று சொன்னேன். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

போன மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் தூசி என்று நினைத்தோம். இங்கே எந்த இருமலாக இருந்தாலும் பழி தூசியின் மேல்தான். பிறகு ஒரு தலையணை போதாமல் இரண்டு கேட்டார், இரண்டு போதாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். வேலைக்குப் போய்த் திரும்பினால் பூட்ஸைக் கழற்ற முடியாதபடி கால் வீங்கியிருக்கும். நான்தான் இழுத்துக் கழற்றுவேன். கடைசியில் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயசில் மூட்டு வலியோடு காய்ச்சல் வந்ததுண்டா என்று கேட்டார்கள். வந்ததுண்டு. அந்தக் காய்ச்சல் இருதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது, இத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டுதான் மண் அள்ளியிருக்கிறார். வால்வை மாற்றியாக வேண்டும் என்றார்கள். மாற்றினால் நன்றாக இருப்பார். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் இருதயம் வீங்கிவிடும், அப்புறம் ஆபரேஷன் செய்தும் பிரயோஜனமில்லை.

அன்றைக்கு அவரை ஒரு சின்ன டாக்டர் உள்ளே கூப்பிட்டார். வால்வில் இரண்டு வகை இருக்கிறது, அதை விளக்குவார் என்றார்கள். அதே நேரத்தில் என்னைக் காப்பீட்டு அட்டையோடு கவுண்ட்டருக்கு வரச் சொல்லிவிட்டார்கள். நான் அங்கே வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். சொன்னாங்க, சொன்னாங்க என்றார். கடலூரில் பஸ் மாறினோம். குள்ளஞ்சாவடியில் பஸ் நின்றபோது டீ குடிக்கலாமா என்றேன். வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் சாக்குப்போக்குதான். ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். தைப்பூசக் கூட்டம், வடலூரைத் தாண்ட பஸ் கிடைக்காது என்றார். மறுபடி தேதி வாங்கினேன். பொண்ணுக்குப் பரீட்சை, அது முடியட்டும் என்றார். எங்கள் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அப்பா ஆபரேஷனுக்குப் போனால் பரீட்சை எழுதமாட்டேன் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. பரீட்சை முடிந்தது. பெல்ட்டில் மெயின்டெனன்ஸ் வேலை, ஆள் குறைவு, லீவு கேட்க முடியாது என்றார். மண்ணை அள்ள மூச்சு இல்லாதவர் இல்லாவிட்டால் சுரங்கம் நின்றுவிடுமா என்று கேட்டேன். சிரித்தார். சிரித்தாலும் மூச்சு வாங்கியது.

நான் அலுத்துப்போயிருந்தேன். அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, அவருக்கு டப்பா கட்டி, சைக்கிளில் பள்ளிக்கூடம் போய், நாள் பூராவும் லகர ளகரம் கத்தி, சாயங்காலம் கட்டுக்கட்டாகத் திருத்தி, அதற்கு நடுவில் அவருடைய மூச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கத்திக்குப் பயப்படுகிறார் என்று முடிவுகட்டியிருந்தேன். ஒருநாள் பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

இந்த நிலையில்தான் அந்தப் படம் வந்தது. பலாப்பழ சீசன். பண்ருட்டியிலிருந்து அவருடைய கூட்டாளி ஒருவர் பழம் கொண்டுவந்து போட்டிருந்தார். நான் தரையில் செய்தித்தாளை விரித்து, இரண்டு கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சேனல் மாற்றிக்கொண்டே வந்தவர் அந்த டாக்டரிடம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

படத்தில் டாக்டர் முதல் ஆபரேஷன் செய்கிறார். நெஞ்சைத் திறந்து, இருதயத்துக்குள் ஒரு விரலை விட்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் வால்வைப் பிரிக்கப் பார்க்கிறார். ரத்தம் பீறிடுகிறது. நோயாளி செத்துப்போகிறான். வெளியே அவன் மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். மாற்றுங்கள், வேறு ஏதாவது வையுங்கள் என்றேன். இருக்கட்டும் என்றார். எழுந்து பிடுங்கலாம் என்றால் கையெல்லாம் எண்ணெயும் பிசினும். இரண்டாவது நோயாளியும் செத்தான். பத்திரிகைகள் டாக்டரைக் கொலைகாரன் என்று எழுதின. கூட வேலை செய்கிறவர்கள் அவரோடு சாப்பிட உட்காராமல் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள். சரிதான், இனிமேல் இந்த மனுஷன் சாகிறவரைக்கும் புதுச்சேரிப் பக்கம் திரும்பமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சுளையைப் பிய்த்துப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அவரோ கொஞ்சமும் பதறாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் என்னையும் என் கத்தியையும் ஒருதரம் பார்த்துவிட்டு, “டீச்சரம்மாவும் அந்தாளும் ஒரே வேலதான் செஞ்சிக்கினு இருக்கீங்க” என்று கிண்டல் வேறு.

படத்தில் வருஷங்கள் ஓடிவிட்டன. டாக்டருக்குத் தலை நரைத்துவிட்டது. இப்போது செயற்கை வால்வு வந்துவிட்டது. ஒரே வார்டில் இரண்டு நோயாளிகள். ஒருவர் மில் முதலாளி, பட்டு அங்கியோடு படுத்திருக்கிறார். இன்னொருத்தி ஊர்த் துணி துவைத்துப் பிழைக்கிறவள், கையெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. முதலில் முதலாளிக்கு ஆபரேஷன். டாக்டர் கையை நீட்டுகிறார், நர்ஸ் ஒரு எவர்சில்வர் தட்டை நீட்டுகிறாள், அதிலிருந்து ஒரு வால்வை எடுத்து வைக்கிறார். மறுநாள் அந்தப் பெண்ணுக்கு. அதே நர்ஸ், அதே தட்டு. டாக்டர் அடுத்த வால்வை எடுக்கிறார்.

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுலருந்து எடுக்கறாரு?”

எடுத்தால் என்ன என்றேன்.

“அந்தாளு மொதலாளி. இது துணி தொவைக்கிற பொம்பள. ரெண்டு பேருக்கும் அதே வால்வா?”

முதலாளி வால்வு, தொழிலாளி வால்வு என்றெல்லாம் தனித்தனியாகச் செய்வார்களா என்று கேட்டேன். படம் விளம்பரத்துக்குப் போயிருந்தது. அவர் டிவியை விட்டு என் பக்கம் திரும்பினார்.

“இருக்குதே. பாண்டியில அந்தச் சின்ன டாக்டரு சொன்னாரே. பர்மனென்ட் ஒண்ணு, காண்ட்ராக்ட் ஒண்ணுன்னு.”

கத்தியைக் கீழே வைத்தேன். என்ன சொன்னார், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அந்தச் சின்ன டாக்டர் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். நெய்வேலி என்றதும், அப்படியானால் உங்களுக்கு ஈசியாகப் புரியும் என்று சிரித்திருக்கிறார். வால்வு ரெண்டு வகை, ஒன்று பர்மனென்ட், இன்னொன்று காண்ட்ராக்ட் மாதிரி, பத்துப் பதினைந்து வருஷத்தில் ரினியூ பண்ண வேண்டும் என்று விளக்கியிருக்கிறார். அப்புறம், சுரங்கத்திலா வேலை, பர்மனென்டா காண்ட்ராக்டா என்று கேட்டிருக்கிறார். இவர் காண்ட்ராக்ட் என்றிருக்கிறார். டாக்டர் தலையாட்டிவிட்டுக் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டாராம்.

அவ்வளவுதான். அதோடு இவர் எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஒரே பெல்ட்டில் ஒரே மண்ணை இரண்டு பேர் அள்ளுகிறார்கள். ஒருவருக்கு ஒரு அட்டை, இன்னொருவருக்கு வேறு அட்டை. ஒருவருக்குக் குவார்ட்டர்ஸ், இன்னொருவருக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை வீடு. சம்பளம் வேறு, போனஸ் வேறு, லீவு வேறு. காலையிலிருந்து சாயங்காலம்வரை எல்லாமே இரண்டாக இருக்கிற ஊரில் ஆயுசில் பாதியைக் கழித்தவர், வால்வும் இரண்டு என்று கேட்டால் வேறு என்ன நினைப்பார்? சொன்னது வேடிக்கைக்கு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த வார்த்தையை இங்கே யாரும் வேடிக்கைக்குச் சொல்வதில்லை. அந்த டாக்டர் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

அப்போதே கேட்டிருக்கலாமே, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

“கேட்டா மட்டும்? பர்மனென்ட் குடுங்கன்னு எத்தினி வருசம் கேட்டுக்கினு இருந்தோம்” என்றார். மூச்சை ஆற்றிக்கொண்டு, “வெளியதான் அப்பிடி. நெஞ்சுக்குள்ளயும் அதையே வச்சிக்கினு போவணுமா? வேணாம்னு இருந்துட்டேன்” என்றார்.

இத்தனை மாசம் நான் பயம் என்று நினைத்தது இதைத்தான். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது, அவர் மேலும் வந்தது. இதற்காகச் சாவதற்குத் துணிந்தாரா என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை, கையெல்லாம் பலாப்பிசின். அவர்தான் எழுந்து வந்து துண்டால் துடைத்துவிட்டார். விளம்பரம் முடிந்து படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் துணி துவைக்கிற பெண் பிழைத்தாளா என்று எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது.

அந்த வாரமே புதுச்சேரிக்குப் போனோம். இந்தத் தடவை எந்த வரிசையிலும் நிற்பதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். பெரிய டாக்டரம்மாவைத்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து உட்கார்ந்தோம். அவர்தான் ஆபரேஷன் செய்கிறவர். நல்ல மாதிரியான அம்மா. மேஜை டிராயரைத் திறந்து இரண்டு வால்வையும் எடுத்து என் கணவரின் உள்ளங்கையிலேயே வைத்தார். ஒன்று உலோகம், கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. இன்னொன்று மாட்டின் இருதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வில் செய்தது, டிஷ்யூ வால்வு என்று பேர், வெள்ளையாகத் துணி தைத்தது போல இருந்தது. அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இதில் எதை வேண்டுமானாலும் எனக்குப் போடுவீர்களா என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.

“உங்களுக்கு எது வேணுமோ அதைத்தாங்க போடுவோம். உங்க வயசுக்கு ரெண்டும் சரிப்படும். யோசிச்சு நீங்கதான் சொல்லணும்.”

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் டாக்டரம்மா மீதியைச் சொன்னார். உலோக வால்வு ஆயுசுக்கும் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் தினம் மாத்திரை சாப்பிட வேண்டும், அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அடிபடக் கூடாது, அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது. மண் அள்ளுவது, ரோலர் தூக்குவது எல்லாம் கூடவே கூடாது, அந்த வேலையை விட்டுவிட வேண்டும். டிஷ்யூ வால்வுக்கு அந்தப் பயம் இல்லை. முதல் சில மாதம் போனால் மாத்திரை நிறுத்திவிடலாம், உடம்பு தேறியதும் பார்த்து வேலைக்கும் போகலாம். ஆனால் அது பத்துப் பதினைந்து வருஷம்தான். அப்போது மறுபடி ஆபரேஷன்.

வெளியே போய் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்றார்.

வராந்தாவில் அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை. உலோக வால்வே வைத்துக்கொள்ளலாம் என்றேன். வேலை போனால் போகிறது, நான் இன்னும் இரண்டு டியூஷன் சேர்த்து எடுக்கிறேன், எப்படியாவது ஓட்டிவிடலாம் என்றேன். தனியார் பள்ளிக்கூடத்தில் எனக்கு என்ன தருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னேன். அறுபது வயசைத் தாண்டி மறுபடி நெஞ்சைப் பிளக்க வேண்டுமா, அப்போது உடம்பு தாங்குமா, அந்த வரிசையில் நிற்க அப்போது எனக்குத்தான் தெம்பு இருக்குமா என்று கேட்டேன். இவர் இல்லாமல் இந்த ஊரில் எனக்கு என்ன வேலை என்பதையும் கேட்டேன். இத்தனை வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பதில் சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சண்டை போடுகிற குரல் இல்லை.

“அறுவது வரைக்கும் ஓடிட்டா போதும்மா. அதுக்குள்ள பொண்ணு படிச்சி ஒரு வழிக்கு வந்துடும். அப்பறம் பாத்துக்கலாம்.”

அப்படியானால் எதற்காக இத்தனை மாசம் மூச்சுத் திணறிக்கொண்டு வீம்பாக உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன். எந்த வால்வு வேண்டாம் என்று செத்துக்கொண்டிருந்தீர்களோ அதையே கேட்டு வாங்கிக்கொள்ளப் போகிறீர்களே, இது என்ன நியாயம் என்று கேட்டேன்.

“அப்போ அவங்களா எழுதிக்கினாங்கன்னு நெனச்சேன். இப்போ உனக்கு எது வேணும்னு கேக்கறாங்க இல்ல?” என்றார். “என்னை யாரு இதுவரைக்கும் கேட்டிருக்காங்க, சொல்லு.”

கல்யாணத்தின்போது என் அப்பாகூட இவரை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டார்.

அவர் எழுந்து சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். நான்கு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று ஆற்றிக்கொண்டார். உள்ளே போனதும் டாக்டரம்மா உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை. நின்றபடியே, நிமிர்ந்து, கடையில் நல்ல சாமானாகப் பார்த்து எடுத்தவர் போலச் சொன்னார்.

“காண்ட்ராக்டே போடுங்க டாக்டரம்மா.”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எந்த வால்வு என்று என்னைப் பார்த்துக் கேட்டார். டிஷ்யூ வால்வு என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.